காற்று இல்லை என்று பொய் சொன்ன கட்டி

தென்காசியில் நான் தலைமைக் காவலர். புற்றுநோய் வந்த இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நுரையீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன.

ஸ்கேனைக் காட்டிய டாக்டரம்மாவிடம், "எனக்கு ஏன் வந்துச்சுன்னு கேக்கல. அது உள்ள என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் ஒரு புரதம் சேரும். புது ரத்தக்குழாய் வேண்டும் என்று உத்தரவு போடும். ஆக்சிஜன் வந்ததும் இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். என் கட்டியில் பிடிக்கிற புரதம் கெட்டுப்போயிருந்தது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும், இல்லை என்றே உத்தரவு போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடம் பொய்ப் புகார்களைப் பார்த்தவள் நான்.

குற்றாலம் பக்கத்து மேலகரத்திலிருந்து மதினி வந்தார். "லீவு போட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்திருட்டி. குத்தாலத்துக் காத்து பட்டாலே பாதி சரியாயிரும்."

"காத்துக்கு ஒரு கொறையும் இல்ல மதினி. இருக்கறத இல்லன்னு கட்டிதான் சொல்லுது. அதோட வாயை அடைக்கத்தான் மாத்திரை."

உத்தரவு போடும் புரதத்தையே தடுக்கிற மாத்திரை அது. ஆனால் ரத்தம் ஊறச் செய்ய, மிச்சமிருந்த நல்ல சிறுநீரகமும் அதே புரதத்தைத்தான் நம்பியிருந்தது. இரண்டாம் மாதம் ரத்தம் குறைந்து, ஸ்டேஷன் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் ஏற்றி, மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள்.

குற்றால சீசன் தொடங்கியதும் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "நீங்க ஸ்டேஷன்ல உக்காந்து எழுதுங்கம்மா. அருவி டூட்டி வேண்டாம்."

"நிக்கலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க ஐயா. வேண்டாம்னா நீங்களும் எழுதிக் குடுங்க."

அவர் எழுதவில்லை.

மெயினருவியில் பெண்கள் பக்கம் நின்றேன். மாத்திரை ரத்தத்தில் ஆக்சிஜனையும் குறைக்கலாம் என்பதால், அதைப் பார்க்கும் கிளிப்பை அவ்வப்போது விரலில் மாட்டிக்கொள்வேன். எண் இறங்கினால் உட்காருவேன், ஏறினால் எழுவேன். ஒரு மதியம் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தது; மலையிலிருந்து வெள்ளம் இறங்குவதற்கு அடையாளம் அது. எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். கத்த மூச்சு போதவில்லை. விட்டுவிட்டு விசில் ஊதினேன். கடைசிப் பெண் ஈரச்சேலையோடு மேலே ஏறிய பிறகுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அடுத்த ஸ்கேனில் இரண்டு புள்ளிகள் சுருங்கியிருந்தன. ஒன்று அப்படியே இருந்தது.

"இனிமே எப்படிப் போகும்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

"சொல்ல வேண்டாம். மாத்திரையை எழுதுங்க" என்றேன். மறுநாள் காலை எனக்கு டூட்டி இருந்தது.