எலுமிச்சம்பழம் நசுக்காத வேன்

சந்தேகப்படுவது எங்கள் அம்மா வழிச் சொத்து. ரஹாங்கில் இருந்த பெரிய மாமா மீன் வாங்கப் போனால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீன்காரரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். அவருடைய தங்கையான என் அம்மா, அப்பா கொஞ்சம் அழுத்தித் தலை வாரினாலே எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்பார். இந்த வம்சத்தில் பிறந்ததால், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போதே எனக்கும் யாரையும் லேசில் நம்பாத பக்குவம் வந்திருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த வேனைக் கொண்டுவந்தார். உண்மையில் அதை ஒரு லோரிதான் கட்டி இழுத்துவந்தது. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய சின்ன கேரவன் வேன். அம்பாங்கானில் ஒரு சீனர் வீட்டுக்குப் பின்னால் பல வருஷம் மழையில் கிடந்ததாம். கூரை ஒழுகி, தரைப்பலகை ஊறிப்போய், மிதித்தால் கால் உள்ளே போனது. தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டில் குடியிருந்துகொண்டு, சுங்கை காடுட் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டும் மனிதருக்கு இது எதற்கு?

"சும்மா லா. லீவுல போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவோம்," என்றார் அப்பா.

போர்ட்டிக்சனுக்கு நாங்கள் காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடுவோம். அதற்குப் படுக்கை வேண்டியதில்லை.

மாமா வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்தார். பிறகு அம்மாவைத் தனியே அழைத்துப் பேசியது என் காதில் விழுந்தது. "தங்கச்சி, வீட்டுல எதாச்சும் சண்டையா? இவரு தனியா கெளம்பப் போற மாதிரி தெரியுது. பாத்துக்க."

என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். அன்றிலிருந்து அப்பாவைக் கண்காணிப்பதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்ததும் அப்பா வேனின் மேல் ஏறிவிடுவார். கூரை மூட்டுகளில் வெடித்துக் கிடந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்து, துடைத்துக் காயவைத்து, புது சிலிக்கான் போட்டார். பிறகு மேலே ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார். உள்ளே அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு, "இந்த மூலையில இன்னும் சொட்டுதுங்க," என்பார். தலை வாரினால் கேள்வி கேட்கும் அம்மா, இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவை விட அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

ஊறிய பலகையைப் பெயர்த்துப் புதுப் பலகை அடித்தார். கூரையில் சூரிய மின்தகடு வந்தது. என்ஜின் ஓடத் தொடங்கியது. உள்ளே மின்விசிறி வந்தது. இருந்த தண்ணீர்த் தொட்டி போதாதென்று கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று வைத்தார். கடலில் குளிக்கப் போகிறவருக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு? படுக்கையோ ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் எங்கப்பா படுக்கறது?"

அப்பா டேப்பை எடுத்துவந்து, என்னைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். அதற்கும் மேலே ஒரு சாண் கூட்டி, "வளருவல்ல," என்று பென்சிலால் கோடு போட்டார்.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே எனக்கென்று ஒரு பரண் வந்தது. அதில் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் என் பாடப்புத்தகங்களை அளந்து செய்த தட்டு. சாப்பாட்டு மேசையை மடித்தால் தம்பிக்குப் படுக்கை. சுற்றுலாவுக்கு யாராவது கணக்குப் புத்தகம் கொண்டுபோவார்களா என்று கேட்டதற்கு அப்பா, "கதைப் புத்தகம் வச்சிக்க, போ," என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதங்களில் லயத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தோட்டம் கைமாறிவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டார் தாமான் குடியிருப்பில் வீடு பார்த்துப் போனதில் அவர்களுடைய ரம்புத்தான் மரம் எங்களுக்கு மிச்சம் என்று நானும் தம்பியும் குதித்தோம்.

வேன் வேலை முடிந்ததும் பூஜை போட நாள் பார்த்தார்கள். விடிந்ததும் மாமா எலுமிச்சம்பழம், தேங்காய், சூடத்தோடு வந்துவிட்டார். எங்களில் யார் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் முறை அதுதான். சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து, நசுக்கி, வண்டியை நகர்த்துவது. மாமா குனிந்து முதல் பழத்தை வைக்கப் போகும்போது, அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, புதுச் சட்டியில் பாலோடு வந்தார். யாரையும் பார்க்காமல் வேனுக்குள் ஏறி அடுப்பைப் பற்றவைத்தார்.

"என்னா தங்கச்சி இது? புதுசா குடி போறவங்கதான பால் காய்ச்…"

மாமா பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரை மூலையில், இல்லாத ஒழுகலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நினைத்தேன். கேஸ் அடுப்பில் புகை ஏது என்று அப்போது யோசிக்கவில்லை.

மாமா பழங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஜூஸ் போட்டுக் குடிங்க," என்றார். பிறகு வேன் படியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த பாலைத் தலை நிமிராமல் குடித்தார். வேன் அன்று நகரவேயில்லை.

வண்டிக்குப் போய் வீட்டுப் பூஜை செய்துவிட்டார் அம்மா என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதி. உள்ளே எல்லோருக்கும் இடம் இருந்தது. அப்பா எங்களை விட்டு எங்கும் போகவில்லை. எலுமிச்சைச் சாறு கலந்து குடிக்க வீட்டுக்குள் ஓடினேன். சாம்பிராணிப் புகையேறிய சுவரில், சாமிப் படங்கள் இருந்த இடம் மட்டும் கட்டம் கட்டமாக வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அதைப் பார்த்துக்கொண்டே சாற்றில் சீனி போட்டுக் கலக்கினேன்.