வாய் திறக்கும் வரை

விஜயநகரில் இருக்கும் மேதாவுக்கு முப்பதாவது வயதில் பார்வை போயிற்று. பன்னிரண்டு வருஷமாக, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் அவளுக்கு வாசித்துச் சொல்லும். ஆனால் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் முழுதாக எழுந்த பிறகுதான் அது வாய் திறக்கும். அதுவரை உள்ள மௌனம் என்றால் அவளுக்குக் கிலி.

கம்ப்யூட்டரைப் போட்டதும், எதைத் தொடங்குவது என்று கேட்டு முதலில் திரையில் ஒரு பட்டியல் வரும். அதைத் தீர்மானிக்கும் கோப்பில், சித்தி மகன் சுதர்ஷன் வரும்போதெல்லாம் எதையாவது சேர்த்துவிட்டுப் போவான். பட்டியல் பதினொன்றாக நீண்டுவிட்டது. கீழ் அம்புக்குறியை நான்கு தடவை தட்டி என்டர் அடிக்க வேண்டும் என்று மேதா மனப்பாடம் செய்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை நான்கு தடவை தட்டினாள். பேச்சு வரவில்லை. உள்ளே விசிறி மட்டும் ஓடியது. பதினாறு நோயாளிகளின் அறிக்கைகள் அதற்குள் இருந்தன. அழிந்துவிட்டனவா? இன்னொரு பட்டனைத் தொட்டால் அழியுமா? கையை எடுத்துவிட்டாள். வீடியோ காலில் சுதர்ஷனைக் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேரே நீட்டினாள்.

"கொஞ்சம் மேலே காமி அக்கா... அய்யோ, அப்டேட்ல வரிசை மாறிடுத்து. ஆஃப் பண்ணிட்டுப் போடு. இனிமே அஞ்சு."

ஐந்தில் பேசியது.

"நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன்."

"வேண்டாண்டா. நீ சரி பண்ணிப் பண்ணித்தான் பதினொண்ணு ஆச்சு. நானே பண்ணிக்கறேன்."

"பேடா, வேண்டாம் அக்கா! ஒரு எழுத்து தப்பினாலும் அது எழுந்துக்கவே எழுந்துக்காது."

அந்தப் பேச்சுக்குப் பயந்து மூன்று நாள் அவள் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. நான்காம் நாள் அறிக்கைகளை பென்டிரைவில் ஏற்றினாள். பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்தாள். ஒரு வரியை நீக்குவாள்; அணைத்துப் போடுவாள்; பேசினால்தான் அடுத்த வரி.

ஏழாவது தடவை பேச்சு வரவில்லை. முப்பது எண்ணினாள். நாற்பது. கழுத்தில் வியர்வை இறங்கியது. வேலையே போயிற்று என்று நினைத்தபோது, எழுபதில் அந்தக் குரல் வந்தது. எதையும் தட்டாமலே லினக்ஸ் தானாகத் தொடங்கும்படி புதிதாகச் சேர்த்த வரியில், அதுவரை காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடி என்று அடிப்பதற்குப் பதில் ஐம்பத்தைந்து என்று அடித்திருந்தாள். மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள், பிறகு திருத்தினாள்.

இப்போது கோப்பில் இருப்பது ஐந்து வரி. ஒவ்வொன்றுக்கும் மேலே அது எதற்கு என்று குறிப்பு. எதையும் எண்ணித் தட்ட வேண்டியதில்லை. பட்டியல் வரும்போது 'பீப்' என்று ஒலிக்கவும் ஒரு வரி வைத்திருக்கிறாள். அந்த ஒலிக்கும் குரலுக்கும் நடுவே உள்ள சில விநாடிகளில் மட்டும், இன்னமும் அவள் மூச்சு விடுவதில்லை.