தொட்டியைப் பிடித்த கைகள்

“ஏப்ரல் 27. லில்லி பூத்தது. காலை ஏழு மணி.” கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறம் அப்பா பென்சிலால் எழுதியது இவ்வளவுதான். ஆண்டு இல்லை.

இப்போது நான் குடியிருக்கும் கராடியில், எங்கள் அடுக்ககத்துத் தோட்டப் பிரியர்கள் இந்த வாரம் வாட்ஸப் குழுவில் கோடைப் பூக்களைப் பகிர்கிறார்கள். இன்று காலை எதிர்வீட்டுக் கலைச்செல்வி, பந்துபோல் சிவந்து பூத்த லில்லித் தொட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “அங்கிள், பூ மட்டும் எடுங்க. என் மூஞ்சி வேணாம், குரூப்புல ஓட்டுவாங்க” என்றாள்.

சிறுவயதில் நாங்கள் இருந்த கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில், எங்களிடமும் அதே லில்லி இருந்தது. ஆண்டுக்கு ஒரே பூ. அதற்கு அப்பா இரவல் கேமராவில் ஒரே படம் எடுப்பார். அக்கா ஈரமண் வாசத்தோடு தொட்டியைத் தூக்கிப் பிடிப்பாள்.

“என்னையும் சேத்து எடுப்பா.”

“பூ ஒரு வாரந்தான்டி. நீ எங்க போயிடப்போற?”

அந்த ஜூனில் மஞ்சள் காமாலையில் அக்கா இறந்துபோனாள். அவள் முகம் எந்தப் படத்திலும் இல்லை. மறு ஏப்ரலிலும் பூ வந்தது. அம்மா தொட்டியைப் பிடித்தாள், அப்பா எடுத்தார். அதன்பின் அவர் கேமரா இரவல் கேட்கவில்லை.

வீடுகள் மாறியதில் மிஞ்சியது இந்த ஒரு படம். பூவுக்குக் கீழே மண் அப்பிய பத்து விரல்கள், மணிக்கட்டுகளில் கண்ணாடி வளையல்கள். அம்மாவும் அக்காவும் ஒரே மாதிரி வளையல்தான் போட்டிருந்தார்கள். கேட்பதற்கு இப்போது யாரும் உயிரோடு இல்லை.

கலைச்செல்வியை முகத்தோடு சேர்த்தே எடுத்தேன். “டெலிட் பண்ணுங்க அங்கிள்” என்றாள். பண்ணவில்லை.

படத்தில் இருப்பவை அக்காவின் கைகள் என்றே இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அது உறுதிசெய்யப்படவில்லை.