அக்காவின் நெஞ்சுக்குள் போன தூசி

அக்காவுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. வெற்றிலைகூடப் போடமாட்டாள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் புற்றுநோய் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்டு வந்த அன்றைக்கு, அவள் மாமியார் செய்த முதல் காரியம், அவளுடைய தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்துக் கொல்லைப்பக்கம் கவிழ்த்து வைத்ததுதான்.

"ஒட்டிக்கிடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவளே" என்றேன்.

"அப்பம் அந்த டாக்டரம்மா வீட்டுல கொண்டுபோயி வச்சிக்கிடச் சொல்லு" என்றாள் மாமியார். அக்கா காதில் விழும்படிதான் சொன்னாள்.

அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. பழுதுபார்க்க வரும் பழைய கப்பல்களில், பாய்லர் குழாய்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் வெள்ளைப் பொதியைப் பிய்த்தெடுக்கும் கூட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறார். சாயங்காலம் வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிற ஆள்போல இருப்பார். அக்கா அந்தச் சட்டையை வாசலில் உதறிவிட்டுத்தான் நனைப்பாள். இருமுவாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். அவள் மகன் சின்னப் பிள்ளையில் அந்த வாசலில்தான் விளையாடுவான்.

டாக்டரம்மா அத்தானிடம் முதலில் கேட்டதே வேலையைப் பற்றித்தான். "ஷெட்டுல சாமான் கணக்கு பாக்கேன்" என்றார். காண்டிராக்டர் காதுக்குப் போய்விடும் என்று பயம். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் டீ குடிக்கப் போன பிறகு நான்தான் உள்ளதைச் சொன்னேன், அக்கா சட்டை உதறுவதையும் சேர்த்து.

அந்தப் பொதி ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. அதன் நார் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் உறைவரைக்கும் எட்டிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அந்த இடம் புண்ணாகும். புண்ணை ஆற்றப் புதிது புதிதாகச் செல்கள் உண்டாகும். மறுபடி புண்ணாகும். வருஷக்கணக்காக இப்படி நடக்கும்போது, ஏதோ ஒரு செல்லில் எப்போது நிறுத்த வேண்டும் என்கிற கட்டளை கெட்டுவிடும். அதன்பின் அது நிற்காது.

"தூசியில கெடக்கது அவிய. எனக்கு ஏன் வந்திச்சு?" என்றாள் அக்கா.

"சட்டைய உதறும்போது நீங்களும் அதத்தான மூச்சுல இழுத்திருக்கீங்க. எல்லாருக்கும் ஒண்ணுபோல வராதும்மா. அவருக்கு இனிமே வரலாம். வராமலும் போகலாம்."

அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "டாக்டர்ட்ட ஏன் பொய் சொன்னிய?"

"உள்ளதச் சொன்னா நீ பொழச்சிருவியாக்கும்?"

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. நெஞ்சில் நீர் கட்டும். ஊசி போட்டு இறக்கினால் சில நாள் மூச்சு வரும், திரும்பக் கட்டும். படுக்க முடியாது. சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். அவள் இருமல் தொந்தரவாக இருக்கிறது என்று மாமியார் டிவியைச் சத்தமாக வைப்பாள். மழைக்காலம் தொடங்கும் முன்பே அக்கா போய்விட்டாள்.

துட்டி கேட்க வந்தவர்களிடம் அத்தான், "அவ அம்ம வீட்டு ரத்தத்துல உள்ள சீக்கு. நமக்கு என்ன தெரியும்?" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. நான் அங்கேயேதான் நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போன வருஷம் அக்கா மகனுக்கு ஏரலில் பெண் பார்த்தோம். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. தேதி குறிக்க அத்தானும் மகனும் நானும் போன இடத்தில் பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டை எடுக்கவே இல்லை.

"தப்பா நெனைக்காதிய. அம்மா வழி ரத்தத்துல அந்தச் சீக்கு இருக்காமே. பையனுக்கும் அதே ரத்தந்தான?"

"யாரு சொன்னா?" என்றான் அக்கா மகன்.

"ஒங்க அப்பாதான் துட்டி வீட்டுல எல்லார்ட்டயும் சொன்னாவ."

ரத்தமில்லை, வேலைத்தூசி என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்படின்னா அந்தத் தூசிக்குள்ளதான பையனும் வளந்திருக்கான்?" என்றார்.

அக்கா மகன் தன் அப்பாவின் பக்கம் திரும்பி, "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னிய?" என்று கேட்டான்.

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்சுக்கு நேரமாச்சு" என்று எழுந்தார்.