பட்டாளத்தாரின் வெள்ளை நாய்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாட்டாஸ்பத்திரி டாக்டராக வேலை பார்த்தவன் நான். காலேஜில் படித்தது பாதி. மீதியை ஜனங்கள் வாயிலிருந்து பிடித்துக்கொண்டேன். "மாடு மனசு விட்டுருச்சுய்யா" என்றால் தீவனம் எடுக்கவில்லை. "ஆடு ஆகாசத்தப் பாக்குது" என்றால் கழுத்து பின்னால் இழுக்கிறது, விஷயம் மோசம். "நாய் சொன்ன பேச்சக் கேக்கல" என்பதன் அர்த்தம் மட்டும் தேவதானம் கிராமத்து முத்தையா வந்த அன்றுதான் விளங்கியது.

முத்தையா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். மாந்தோப்புக் காவலுக்கென்று ராஜபாளையத்து நாய்க்குட்டி வாங்கி வளர்த்தார். பால்வெள்ளை, ரோஸ் மூக்கு. அப்படிப்பட்ட குட்டிக்குத்தான் ஊரில் அடிபிடி. செவலைத் திட்டு விழுந்த குட்டியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வளர்ந்துவிட்ட அந்த நாயைத்தான் அன்று கயிற்றில் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்.

"டாக்டரய்யா, இத ஊசி போட்டு முடிச்சிருங்க."

"ஏன் அண்ணாச்சி, கடிச்சிருச்சா?"

"கடிச்சாக்கூடப் பரவாயில்ல. வீரா, வீரான்னு தொண்ட கிழியக் கத்துதேன், திரும்பிப் பாக்க மாட்டேங்கு. பிரம்பு ஒடிய அடிச்சும் பாத்தாச்சு. பட்டாளத்தாரு பேச்ச நாயிகூட மதிக்கலன்னு தெருவே சிரிக்கி."

அட்டெண்டர் மாடசாமி சும்மா இருப்பாரா? "எங்க வீட்லயும் யாரும் எம்பேச்சக் கேக்க மாட்டாக. அம்புட்டு பேருக்கும் ஊசி போட்டா ஊரு காலியாயிரும்ய்யா."

முத்தையா சிரிக்கவில்லை. எனக்கும் ஏதோ உறுத்தியது. மருந்து எடுப்பதுபோல நாய்க்குப் பின்னால் போய், ஊசி, கத்தி வைக்கிற கிட்னி ட்ரே என்ற இரும்புத் தட்டைக் கத்தரிக்கோலால் ஓங்கித் தட்டினேன். வெளியே கட்டியிருந்த காளை துள்ளியது. நாய் தரையில் போன எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தட்டு. காது மடல்கூட அசையவில்லை.

"அண்ணாச்சி, இதுக்குக் காது கேக்காது. பொறவியிலயே அப்படி. சுத்த வெள்ளக் குட்டியில சிலது இப்படி வந்துரும்."

அவர் நாயையே பார்த்தார். "அப்ப அது ஒரு தப்பும் பண்ணலயா?"

"இல்ல."

"எதுக்கு அடிக்கேன்னுகூட அதுக்குத் தெரிஞ்சிருக்காதே..."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "கையக் காட்டிப் பழக்கலாம் அண்ணாச்சி. பட்டாளத்துல சத்தமில்லாமக் கை காட்டித்தான நடத்துவீக?"

முகம் தெளிந்து எழுந்தார். 'வா' என்பதுபோல வலது கையை உயர்த்தினார்.

நாய் வயிறு தரையில் படப் பதுங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தது.

மாடசாமி துணி எடுத்துவந்து துடைத்தார். ஊசி வேண்டாமென்று முத்தையா நாயைக் கூட்டிப் போனார்.

மாம்பழ சீசனில் சினை மாடு ஒன்றைப் பார்க்க தேவதானம் போனேன். திரும்பும்போது தோப்புக்குள் எட்டிப்பார்த்தேன். முத்தையா வெறும் மண்ணில் சம்மணம் போட்டிருந்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். எதிரே சோற்றுச் சட்டி. கொஞ்சம் தள்ளி மரத்தடியில் வீரா.

"கை கண்ணுல பட்டா வரமாட்டான், டாக்டரய்யா. முன்ன தோப்புக் கடைசியில நிப்பான், இப்பம் இம்புட்டுக் கிட்ட வந்துட்டான். செத்த நேரம் இருங்க, வருதானான்னு பாப்போம்."

இருந்தோம். வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பேச்சுக் கேட்காத நாய் என்று யாராவது கொண்டுவந்தால், முதலில் அதன் முதுகுக்குப் பின்னால் ட்ரேயைத் தட்டிப் பாருங்கள். குட்டி வாங்குகிறவர்களிடமும் சொல்லுங்கள். பிரம்பை எடுப்பதற்கு முன்னால் அந்தச் சத்தத்துக்கு அது திரும்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஓங்கிய கையை ஒரு நாய் மறக்கச் செய்யும் மருந்து என் அலமாரியில் கடைசிவரை இருந்ததில்லை.