ஒத்திகையில் விழுந்த அடி

முகப்பவுடரும் ரப்பர் பாலும் கலந்த ஒரு வாடை, ஆடித் திருவிழா முடிந்து பல நாள்வரை அம்மாவின் மஞ்சள் சேலையை விட்டுப் போகாது. ஏனென்றால் சிரம்பானுக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெண்கள் மேடை ஏறக்கூடாது, பெண் வேடம் வருஷா வருஷம் அப்பாவுக்குத்தான், அவர் கட்டுவதோ அம்மாவின் சேலை.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம், அடித்துக் கொடுமைப்படுத்தும் புருஷனைப் பெண்டாட்டியே "பாராங்" கத்தியால் வெட்டிச் சாய்க்கும் நாடகத்தை தோட்டத்து ஆபீஸில் கணக்கு பார்க்கும் கிராணி எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும் என்பதால், சாயங்காலங்களில் லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டிலேயே ஒத்திகை நடக்கும். சேலை கட்டிக்கொண்டு அவர் பெண்டாட்டியாக அழ, தாளைப் பார்த்துப் புருஷன் வசனத்தை அம்மா படிப்பாள். புருஷன் கன்னத்தில் அறைய வேண்டிய இடம் வந்தால் மட்டும் அவள் கை பாதியிலேயே நின்றுவிடும். வாரம் தவறாமல் நிஜ அடி வாங்கியவள் அவள்தானே.

"ஏன்டி பயப்படுற? நாடகந்தானே லா, ஓங்கி அடி, அப்பதான் எனக்கு அழுக வரும்" என்று ஒருநாள் அப்பாவே சலித்துக்கொண்டார். அம்மா அடித்தாள். நானும் பெண்பிள்ளைதானே, வாசல்வரை கேட்ட அந்தச் சத்தத்தில் எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இனி எல்லாம் மாறிவிடும் என்றே நம்பினேன். அப்பா கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆம்பளைய அடிக்கிற கையாடி இது?" என்று அம்மாவை மூலையில் தள்ளி, தன் கை ஓயும்வரை அடித்தார்.

திருவிழாவன்று அதே சேலையில் அப்பா அட்டைக் கத்தியை ஓங்கியபோது, பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் "வெட்டு, விடாத!" என்று கத்தினார்கள். "பொம்பள மனச அப்படியே காட்டிட்டாரு உன் வீட்டுக்காரரு" என்று பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல, வீங்கிய உதட்டை முந்தானையால் மறைத்தபடி அம்மா தலையாட்டினாள். சிறந்த நடிப்புக்கான கோப்பையும் அப்பாவுக்கே கிடைத்தது.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. லயங்களை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள், மேடை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்துகிறார்கள். செனாவாங்கில் என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்கு அம்மாதான் கஞ்சி ஊட்டுகிறாள். நேற்று அவர் கன்னத்தில் வழிந்ததை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, அன்னிக்கு ஒத்திகையில இந்தக் கன்னத்துலதானே அடிச்ச?" என்று கேட்டுவிட்டேன்.

"நானா? சீ, நான் போயி அப்பாவ அடிப்பேனா லா?" என்றாள். பொய் சொல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நேற்று திருப்பவில்லை. நிஜமாகவே மறந்திருக்கிறாள்.

அப்பாவுக்கு நினைவிருந்தது. அசைகிற ஒரு கையால் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அம்மா துணியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கக் குனிந்தாள்.