இடக்கைப் பின்னல்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. நம்ப முடியாதவர்கள் அரியலூருக்கு வந்தால் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். உள்ளே ஒரு லேஸ் துண்டு இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம். ஜன்னலில் வைத்து அளந்தும் பார்க்கலாம்.

1981 ஆவணியில் எனக்குக் கல்யாணம். வயது இருபத்தொன்பது. இரண்டாம் தாரம் என்றதும் செட்டிகுளத்தில் எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கிற காலம் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை சாமிதுரை, சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். முதல் மனைவி சம்பூர்ணம் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. நான் அரியலூரில் ஒரு பள்ளியில் தையல் டீச்சர். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தே போய்விடலாம்.

செத்தவளோடு நமக்கென்ன போட்டி என்று நினைத்துத்தான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். உயிரோடு இருப்பவளென்றால் அவளுக்கு வயதாகும், கோபம் வரும், ஒருநாள் குழம்பில் உப்புக் கூடும். செத்தவளுக்கு எதுவும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. போன அன்று இருந்த அழகோடு அப்படியே இருந்துவிடுகிறாள்.

அவளுடைய புடவைகளை நாத்தனார் ரெங்கம்மாள் திருமழபாடிக்கு எடுத்துப் போயிருந்தார். பாத்திரங்களில் பெயர் வெட்டவில்லை. மிச்சமிருந்தது குளியலறை மட்டும்தான். கொல்லையில் கிணற்றை ஒட்டித் தனியாக நின்றது. எங்கள் தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் கீற்றுத் தட்டிதான் மறைப்பு. இது மட்டும் செங்கல் சுவர், தரையிலிருந்து உத்தரம் வரை வெள்ளை. கிணற்றைப் பார்த்து ஒரு ஜன்னல். அதில் மேலிருந்து கீழ்ச்சட்டம் வரை கையால் பின்னிய லேஸ்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு முதல் வாரமே சொன்னாள். "சம்பூர்ணம் இருந்த வரைக்கும் மாசத்துக்கொரு தடவ சுண்ணாம்பு அடிப்பா. அந்த பாத்ரூம்ல உக்காந்து சோறு திங்கலாம்."

"நான் அடுப்படியிலதாங்க்கா திங்கிறேன்" என்றேன்.

ஒருநாள் காலை. அவர் குளித்து முடித்துத் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தோளில் துண்டோடு ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை லேஸுக்குப் பக்கத்தில் நின்றது. தொடவில்லை.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அழுக்கேறிக் கெடக்கு. கழட்டித் தொவைக்கட்டுமா?"

"அதத் தொடாத."

அதுவரை அவர் என்னிடம் எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. அன்று முழுக்க வகுப்பில் பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு துணிக்கு முன்னால் அவ்வளவு பணிவாக நின்ற கை.

அந்தக் குளியலறையை அடியோடு மாற்றுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சித்திரை விடுமுறை வந்தது. சுவர் ஓதம் ஏறிவிட்டது, பூச்சு உதிர்கிறது என்று சொன்னேன். அவர் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். பிறகு "செய்யி" என்றார். வெள்ளையாகத்தான் செய்தேன். ஆனால் என் வெள்ளை. திருச்சியிலிருந்து லாரியில் வந்த பளபளக்கும் டைல்ஸ். கொத்தனார் வைத்திலிங்கம் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்.

இரண்டாம் நாள் மதியம் கூப்பிட்டார். "டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க."

பூச்சுக்குப் பின்னால் ஒரு சிறிய மாடம் இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூசி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். மஞ்சள் உரசும் கல். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. குழியில் இன்னும் மஞ்சள் ஏறியிருந்தது.

"யாரோ பொம்பள பொழங்குன கல்லுங்க. இத உள்ள வெக்கக் கூடாது. ஆத்துலயோ கொளத்துலயோ விட்டுருவோம்."

சம்பூர்ணத்தின் கன்னத்தில் ஏறிய மஞ்சள் என்று நினைத்தேன். எனக்கு மஞ்சள் ஒத்துக்கொள்ளாது. பூசினால் தோல் தடித்துவிடும். கல்யாணத்தன்றுகூட நலங்கோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஆத்துக்கெல்லாம் வேணாம்" என்றேன். "தரைக்குள்ள போட்டு மூடுங்க. மேல நின்னு நான் குளிச்சுக்கிறேன்."

அவர் என்னையே பார்த்தார். "மூத்தாளு கல்லு மேலயா?"

"மூடுங்க."

மூடினார். பழைய லேஸை நானே கழற்றி வெந்நீர் அடுப்பில் போட்டேன். நூல் எரிகிற வாடை வரவில்லை. ஈரத்துணி எரிகிற வாடைதான் வந்தது. ஆனால் அது காய்ந்துதான் இருந்தது…

புது ஜன்னலுக்குப் புது லேஸ். என் குரோஷா ஊசியால், என் கையால். ஒரு சாண் நீளம் பின்னி, ஜன்னலின் மேல்சட்டத்தில் தொங்கவிட்டேன். கிணற்றடி வெளிச்சம் அதன் ஓட்டைகள் வழியாக விழுந்து வெள்ளைச் சுவரெல்லாம் பூப்பூவாக அசைந்தது. அவர் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை பத்து நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

பதினோராவது நாள் டைல்ஸில் மஞ்சள் கறை.

ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. குனிந்து கால் தேய்ப்பவள் விழாமலிருக்கச் சுவரில் ஊன்றிய மாதிரி. கட்டைவிரல் வலப்பக்கம் இருந்தது. இடது கை.

துடைத்தேன். மறுநாளும் இருந்தது.

பேய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொம்பளை என்றுதான் தோன்றியது. குளியலறை கொல்லையில் இருக்கிறது. சந்துப் பக்கம் படல் இருக்கிறது. காலையில் நான் பள்ளிக்குப் போகிறேன். அவருக்கு முதல் ஷிஃப்ட் என்றால் இரண்டு மணிச் சங்கு ஊதியதும் வீடு வந்துவிடுகிறார். நான் திரும்ப ஐந்தாகிறது. நடுவில் மூன்று மணி நேரம்… என் டைல்ஸில், என் லேஸுக்குக் கீழே, யாரோ மஞ்சள் பூசிக் குளிக்கிறாள்.

"வூட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு வரப் போறா?"

"மஞ்ச பூசுறவங்க யாராச்சும்."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். எழுந்து கை கழுவப் போனார். குற்றமுள்ளவனின் முகம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தேன். அது பயந்தவனின் முகம் என்பது எனக்குப் புரியவில்லை.

பிறகு லேஸைக் கவனித்தேன். நீண்டிருந்தது.

முதலில் ஈரத்தில் தொய்ந்திருக்கும் என்று எண்ணிக் கிட்டே போய்ப் பார்த்தேன். தொய்வு இல்லை. நான் முடித்த ஓரத்துக்குக் கீழே புதிதாக இரண்டு வரிசை. அதே நூல். அதே பூ. ஆனால் என் கண்ணிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவை மறுபக்கம் சாய்ந்திருந்தன. பத்து வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். இடக்கைப் பிள்ளைகள் பின்னினால் அப்படித்தான் சாயும்.

என்னைவிட நேர்த்தியாகவும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து தெருவில் பெண்களின் கைகளையே பார்த்தேன். கீரைக்காரி எந்தக் கையால் கட்டை எடுக்கிறாள். அம்மாக்கண்ணு எந்தக் கையால் கயிறு இழுக்கிறாள்.

"என்னாடி, வளையல் வேணுமா? அப்புடிப் பாக்குற" என்று அம்மாக்கண்ணு கேட்டேவிட்டாள்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. தலைவலி என்று சொல்லி மதியம் பள்ளியிலிருந்து கிளம்பினேன். வழக்கமாக வரும் பெரிய கோவில் பக்கம் போகாமல் சந்து வழியாக வந்து படலைத் தள்ளினேன். மணி ஒன்றரை. நல்ல வெயில். கிணற்றடி காய்ந்து கிடந்தது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

சளக்… சளக்…

செம்பில் மொண்டு தோளில் ஊற்றுகிற சத்தம். அவசரமில்லாமல், வீட்டுக்காரி குளிக்கிற மாதிரி.

கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு உள்ள?"

சத்தம் நின்றது.

பிறகு ஒரு குரல். இளங்குரல். பயமே இல்லாமல், கொஞ்சம் சிரிப்போடு.

"இதோ ஆச்சு."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கதவுக்கு எதிரே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவள் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அவரும் வந்துதான் ஆக வேண்டும். இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி தண்ணீர்ச் சத்தம்.

சளக்… சளக்…

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மஞ்சளாக. மெதுவாக நகர்ந்து என் காலை நனைத்தது.

வெயிலில் கிடந்த தரையில் அது ஐஸ் மாதிரி இருந்தது.

ஆலைச் சங்கு ஊதியது. இரண்டு மணி.

சிறிது நேரத்தில் சைக்கிள் சத்தம். அவர் கொல்லைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார்.

"யாருன்னு நீங்களே கேளுங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை.

"எந்திரி மலரு. அங்க உக்காராத."

"ஏன்? யாரு அவ?"

உள்ளேயிருந்து, அவருக்குப் பதிலாக…

"இதோ ஆச்சு."

அவர் தலைப்பாகைத் துண்டை உருவி வாயில் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. கதவருகே போய், நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், ஒரு குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டார்.

"வல்லி…"

சம்பூர்ணம் என்று சொல்லவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு தானாகத் திறந்தது.

யாருமில்லை.

தரை காய்ந்திருந்தது. தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை அசையாமல் நின்றது. செம்பு கவிழ்ந்தபடி இருந்தது.

லேஸ் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கடைசிக் கண்ணி முடியாமல், நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு மஞ்சள் சொட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மாள் அண்ணி திருமழபாடியிலிருந்து வந்தார். என் கணவர் சொல்லியனுப்பித்தான் வந்திருக்க வேண்டும். தம்பி வெளியே போகும் வரை காத்திருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு முன்ன ஒருத்தி இல்ல மலரு. ரெண்டு பேரு. மூணாந்தாரம்னா யாரு பொண்ணு தருவான்னு நாங்கதான் மறைச்சோம்."

முதலாவது பெயர் அமிர்தவல்லி. பதினெட்டு வயது. எட்டு மாதம்தான் வாழ்ந்தாள். ஆடியில் கொள்ளிடம் நிறைந்து போனபோது அண்ணியோடு குளிக்கப் போனாள்.

"நான் கரையேறிட்டேன். போதும் வாடின்னு கூப்புட்டேன். 'இதோ ஆச்சு'ன்னா. திரும்பிப் பாத்தேன்… தண்ணிதான் போவுது. ஆளு கெடைக்கவே இல்ல. படித்தொறையில அந்த மஞ்சக் கல்லு மட்டும் இருந்துச்சு. தம்பிதான் கொண்டாந்து பாத்ரூம் மாடத்துல வெச்சான். சுமங்கலியாப் போனவ, பூவாடைக்காரின்னு வருசா வருசம் ஆடிக்கு மஞ்சளும் புதுப் பொடவையும் வெச்சுக் கும்புட்டோம். சம்பூர்ணம் வந்தா. சொவத்துல மஞ்சக் கைத்தடம் தெரியுதுன்னு மாடத்த அடைச்சுப் பூசிட்டா. மாசாமாசம் வெள்ள அடிச்சா. அவளும் உன்ன மாதிரிதான்."

"வல்லிக்கு இடது கையா?"

"சோத்துக் கையே இடதுதான். எங்கம்மா அடிச்சே ஓஞ்சு போனாங்க. உனக்கு யாரு சொன்னது?"

 வேறொன்று கேட்டேன். "சம்பூர்ணத்துக்கு லேஸ் பின்ன யாரு கத்துக்குடுத்தது?"

"அவளுக்கா?" அண்ணி சிரித்தே விட்டார். "அவளுக்கு அறுந்த பட்டன் தெக்கத் தெரியாதுடி. மாடத்த அடைச்ச அன்னிக்கு, ஜன்னலு மொட்டையா இருக்குன்னு திருச்சியில ஒரு சாண் லேஸ் வாங்கியாந்து மாட்டுனா. நான் பக்கத்துல இருந்தேன்."

"நான் வர்றப்ப அது ஜன்னல் முழுக்க இருந்துச்சு அண்ணி."

அவர் சிரிப்பு நின்றது. கொல்லைப் பக்கம் திரும்பினார்.

"சம்பூர்ணம் செத்தன்னிக்கு அவளக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கப் போனேன்" என்றார். "அன்னிக்கு அது கீழ்ச்சட்டத்தத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. நல்லாத்தான் இருந்தா. ஒருநாள் காச்சலுகூட இல்ல."

வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டுத் தரையைப் பெயர்க்கச் சொன்னேன். கல்லை ஆற்றில் விட்டுவிடலாம் என்றேன். கல்லைப் போட்ட இடத்திலேயே தோண்டினார். கல் இல்லை. அந்த இடத்தில் மட்டும் மணல் ஈரமாக இருந்தது.

லேஸைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எரிக்கத் தைரியமில்லை. இப்போது 1988. அவர் இன்னும் அங்கேதான் குளிக்கிறார். வெளியே வர வெகுநேரமாகிறது. நான் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் பதில் எந்தக் குரலில் வருமோ என்று இருக்கிறது. அவர் முகத்தில் அந்த அமைதி, வெளியே வரும்போது மட்டும் இருக்கும் அமைதி… அது எனக்குக் கிடைத்ததே இல்லை.

பெட்டிச் சாவி என் தாலிக்கயிற்றில்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தேன்.

நூல் ஈரமாக இருந்தது.

எடுத்துப் போய் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். கீழ்ச்சட்டத்துக்கு இன்னும் நான்கு விரல்.